லுக்காவில் குதிரைக்காரரும் புள்ளிக்காரரும்

இத்தாலியின் பைசா நகரில் வேலை கிடைத்ததும் ஊரில் எல்லோரும் சாய்ந்த கோபுரத்தைப் பற்றித்தான் கேட்டார்கள். சாத்தூரில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் அண்ணன் மட்டும் மேப்பைத் திறந்து பார்த்துவிட்டு, "பாப்பா, அங்கருந்து லுக்கா அரை மணி நேரந்தான், நேர் ரயிலே இருக்கு" என்றான். வருடாவருடம் பெரிய காமிக்ஸ் விழா நடக்கும் ஊர் லுக்கா; அது என்ன என்று நான் கேட்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே டிரங்குப் பெட்டியில் கைவிட்டு வளர்ந்தவர்கள். பெட்டி நிறைய லயன் காமிக்ஸ், முத்து காமிக்ஸ், ஓரத்தில் கொஞ்சம் ராணி காமிக்ஸ். அதில் பாதிக்கு மேல் டெக்ஸ் வில்லர்.

டெக்ஸைத் தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். 1948 செப்டம்பர் 30 அன்று இத்தாலியில் தொடங்கிய கௌபாய் தொடர் அது. எழுதியவர் ஜான் லூயிஜி பொனெல்லி, வரைந்தவர் அவுரேலியோ கலெப்பீனி. அந்த வருடம் பதிப்பகம் மலைபோல் நம்பியிருந்தது வேறொரு வாள்வீரன் தொடரை. கலெப்பீனி பகலெல்லாம் வாள்வீரனை வரைந்துவிட்டு, ராத்திரி கண்விழித்து டெக்ஸை முடித்துக் கொடுப்பாராம். வாள்வீரன் சீக்கிரமே காணாமல் போனான். டெக்ஸ் இன்றும் மாதாமாதம் இத்தாலியப் பத்திரிகைக் கடைகளில் வந்து இறங்குகிறார். முதலில் அவருக்கு வைத்த பெயர் டெக்ஸ் கில்லர். பதிப்பகத்தை நடத்திய டேயா பொனெல்லி, எதற்கு வம்பு என்று ஒரே ஓர் எழுத்தை மாற்றி வில்லர் ஆக்கினார். கதையில் அமெரிக்கப் பழங்குடிகளான நவஹோ மக்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் இரவுக் கழுகு. எங்களுக்கு அவர் எப்போதும் கழுகார்தான். நரைத்த தாடி நண்பர் கிட் கார்சன் வெள்ளிமுடியார்.

மாதம் 110 பக்கம் கறுப்பு வெள்ளையில் ஒரே ஆள் வரைந்து தள்ள முடியாது. ஒரு கதையை ஓர் ஓவியர் மாதக்கணக்கில் வரைந்துகொண்டிருப்பார், பக்கத்திலேயே வேறு பலர் வேறு கதைகளை வரைந்துகொண்டிருப்பார்கள். ஆகவே ஒவ்வொரு கதையிலும் கழுகாருக்கு வேறு முகம், வேறு தாடை. எங்கள் பெட்டியில் இருந்த பழைய இதழ்களில் ஓவியர் பெயர் போட்டு நான் பார்த்த ஞாபகமே இல்லை. அதனால் நாங்களே பெயர் வைத்துவிட்டோம். குதிரைகளை உயிரோடு ஓடவிடுகிறவர் குதிரைக்காரர். பாதிப் பக்கத்தை மையால் மெழுகிவிடுகிறவர் இருட்டுக்காரர். நிழலைப் புள்ளி புள்ளியாக வைக்கிறவர் புள்ளிக்காரர். கழுகாருக்கு அநியாயத்துக்கு நீளமாக மூக்கு வரைகிறவர் மூக்குக்காரர். இணையம் வந்த பிறகு தேடிக் கண்டுபிடித்திருக்கலாம்தான். அண்ணனுக்கு அதில் விருப்பமில்லை. "ஆளுகட்டக் கேட்டுத் தெரிஞ்சிக்கிறதுதான் முறை" என்பான். அதனால் இந்தத் தடவை நான் லுக்கா கிளம்புகிறேன் என்றதும் அவன் அனுப்பியது ஒரு போட்டோ மூட்டை: ஒவ்வொருவர் கைக்கும் மாதிரியாகச் சில கட்டங்கள், கீழே பட்டப்பெயர். "குதிரைக்காரர் யாருன்னு மட்டுமாச்சும் கேட்டுட்டு வா. முப்பது வருசமாப் பேரு தெரியாமக் கும்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

லுக்கா விழாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1965ல் போர்திகேரா என்ற கடலோர ஊரில், படித்தவர்கள் கூடிக் காமிக்ஸைப் பற்றிப் பேசும் சின்ன மாநாடாகத் தொடங்கியது. அடுத்த வருடமே லுக்காவுக்கு வந்துவிட்டது. பிறகு பல வருடங்கள் ஊரைச் சுற்றிய மதிலுக்கு வெளியே விளையாட்டு அரங்கில் நடத்தினார்கள். 2006ல் மறுபடி ஊருக்குள் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவின் சான் டியாகோ காமிக்-கான் விழாவுக்குத் தனிக் கட்டடம் உண்டு. இங்கே ஊர்தான் கட்டடம். சதுக்கத்துக்குச் சதுக்கம் பெரிய வெள்ளைக் கொட்டகை. வழிபாடு நின்றுபோன பழைய தேவாலயங்களில் கண்காட்சியும் கூட்டமும். தெருவில் நடக்க டிக்கெட் வேண்டாம், கொட்டகைக்குள் நுழைய மட்டும் வேண்டும். 90 ஆயிரம் பேர் அளவுள்ள ஊரில் 2022ல் ஐந்து நாளைக்கு விற்ற டிக்கெட் 3 லட்சத்து 19 ஆயிரத்துக்கும் மேல். சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

சனிக்கிழமை பக்கம் தலைவைத்தும் படுக்காதே என்று ஆய்வகத்தில் சொன்னதால் வியாழக்கிழமை லீவு போட்டேன். வியாழக்கிழமையே ரயிலில் கால் வைக்க இடமில்லை. எனக்கு எதிரே நின்ற பையனிடம் அவனைவிட உயரமான நுரைப்பஞ்சு வாள் ஒன்று இருந்தது. ரயில் நிற்கும்போதெல்லாம் அதைத் தலைக்கு மேல் தூக்கி, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தான். சான் ஜூலியானோவில் ஏறிய ஒரு பாட்டி, வாளின் பிடியில் தன் காய்கறிப் பையை மாட்டிவிட்டு நிம்மதியாக நின்றுகொண்டாள்.

லுக்கா ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே மதில். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் கட்டியது, சுற்றளவு 4 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், ஒரு இடத்திலும் உடையாமல் முழுசாக நிற்கிறது. மேலே வண்டியே ஓட்டலாம் என்கிற அகலத்தில் மரம் வைத்த நடைபாதை. கதாபாத்திரங்களாக வேஷம் போட்டு வருகிறவர்கள் எல்லோரும் போட்டோவுக்கு அங்கேதான் ஏறுகிறார்கள். முந்தின நாள் பெய்த மழையில் புல்தரை சேறாகிக் கிடந்தது. வெள்ளை அங்கி தரித்த தேவதைகள் பலர் முழங்கால் வரை பழுப்பாகியிருந்தார்கள்.

வேஷக்காரர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் என்னை நிறுத்தி வைத்தது ஒரே ஒரு ஜோடிதான். இருவருக்கும் அறுபதுக்கு மேல் இருக்கும். அவர் தலையிலிருந்து கால்வரை கறுப்பு உடுப்பு, கண் மட்டும் தெரியும் முகமூடி. அம்மா பொன்னிறக் கூந்தலை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தார். டயபாலிக்கும் ஈவா காண்ட்டும்! 1962ல் மிலானில் ஜூஸ்ஸானி சகோதரிகள் இரண்டு பேர், ரயிலில் போகிறவர்கள் கோட்டுப் பையில் போட்டுக்கொள்ளும் அளவில் தொடங்கிய திருடன் கதை. தமிழிலும் வந்திருக்கிறது. டயபாலிக்குக்குக் கொஞ்சம் தொப்பை. மூச்சை இழுத்துப் பிடித்து வயிற்றை உள்ளே தள்ளி நின்றார், ஈவா அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார், படம் எடுத்துக்கொண்டேன்.

உள்ளே போனதும் முதலில் எரிச்சல்தான் வந்தது. எங்கே திரும்பினாலும் வீடியோ கேம், சினிமா, சீரியல் விளம்பரக் கோட்டைகள். மதிலுக்கு வெளியே விளையாட்டுகளுக்கென்றே பிரம்மாண்டமான கொட்டகை. பதிப்பகங்களின் பக்கம் வந்தால் நீள வரிசை முழுக்க மாங்கா எனப்படும் ஜப்பானியக் காமிக்ஸுக்கு. பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் முதுகுப்பை நிறையப் புத்தகம் வாங்கிப் போகிறார்கள். படிக்கிறார்களே, அதுவே போதும் என்று நினைத்தாலும், டெக்ஸை வெளியிடும் பொனெல்லி பதிப்பக அரங்கு இருந்த பக்கம் வந்து பார்த்தபோது வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. அங்கே நின்றவர்களில் பெரும்பாலோருக்கு நரைத்திருந்தது. ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவையொட்டி நடக்கும் லயன்-முத்து வாசகர் சந்திப்புக்கு அண்ணன் தவறாமல் போவான்; அவன் அனுப்பும் குரூப் போட்டோவிலும் இதே தலைகள்தான், இதே சதுரக் கட்டம் போட்ட சட்டைகள்தான். ஈரோட்டில் முன்வரிசையில் உட்காரலாம், இங்கே வரிசைச் சீட்டு வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். வேறுபாடு அவ்வளவுதான்.

சீட்டு எதற்கு என்றால், ஓவியர் கையால் படம் வரைந்து வாங்க. புத்தகம் வாங்கினால் அவர் வரைந்து கையெழுத்துப் போட்டுத் தருவார். எனக்கு வாய்த்தவர் இளைஞர், அண்மைக் காலமாக டெக்ஸ் வரைகிறவர், எங்கள் பட்டியலில் இல்லாதவர். ஆனாலும் ஒரு முழம் தூரத்தில் கழுகார் உருவாவதைப் பார்ப்பது சாதாரண விஷயமா! முகத்திலிருந்து தொடங்குவார் என்று நினைத்தேன். இல்லை, தொப்பியின் விளிம்பு. பென்சிலே கிடையாது, நேராகத் தூரிகைப் பேனா. ஒரே இழுப்பில் விளிம்பு, அதன்கீழ் கண் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு, பிறகு அந்தக் கறுப்புக்குக் கீழே மூக்கு, தாடை. கண்ணை அவர் வரையவே இல்லை. வெளிச்சம் பட்ட கன்னத்தை வெறுமனே விட்டதில் கண் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. யார் பெயருக்கு என்று கேட்டார். போனில் தமிழில் 'செல்வம்' என்று அடித்துக் காட்டினேன். அதை எழுதாமல் வரைந்தார்; ஒவ்வொரு வளைவாக, திரையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்து. மெய்யெழுத்துப் புள்ளிகளைத் துப்பாக்கிக் குண்டு ஓட்டை மாதிரி விளிம்பு சிதறவிட்டது அவருடைய சொந்தக் கற்பனை.

அண்ணனின் போட்டோக்களை அவரிடம் காட்டலாம் என்று எடுத்தபோது பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர்தான், பழைய இதழ் வியாபாரிகளிடம் போங்கள், எங்களைவிட அவர்களுக்குத்தான் தெரியும் என்று கை காட்டிவிட்டார்.

பழைய இதழ் வியாபாரிகள் இருந்த கொட்டகையில் வரிசையே கிடையாது. உள்ளே நுழைந்ததும் பழங்காகித வாசனை. அட்டைப் பெட்டிகளில் இதழ்கள் எண் வாரியாக நின்றன, ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை. விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் ஒருவரையொருவர் பெயர் சொல்லித் திட்டிக்கொள்ளும் அளவுக்குப் பழக்கம். தங்கள் சேகரிப்பில் விடுபட்ட எண்களைச் சின்ன நோட்டில் எழுதிவைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பெட்டிக்குள் தலைவிட்டிருந்த பெரியவர்கள். எனக்கு வீடு வந்து சேர்ந்ததுபோல இருந்தது.

அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரின் மேசையில்தான் 1948இன் முதல் டெக்ஸ் இதழ்களைப் பார்த்தேன். அவை நாம் நினைக்கிற வடிவில் இல்லை. காசோலைப் புத்தகம் மாதிரி படுக்கைவாக்கில், ஒரு பக்கத்துக்கு ஒரே வரிசைப் படம், மொத்தம் 32 பக்கம். அட்டையில் விலை 15 லிரா என்று இருந்தது. போர் முடிந்து மூன்று வருடம், காகிதத்துக்கும் காசுக்கும் தட்டுப்பாடு. பையன்கள் காற்சட்டைப் பையில் செருகிக்கொண்டு போகத்தான் அந்த அளவு. இன்றைய விலையைக் கேட்டேன். சொன்னார். மரியாதையாகத் திருப்பி வைத்துவிட்டேன்.

பிறகு பையிலிருந்து தமிழ் டெக்ஸை எடுத்தேன். அண்ணன் கொடுத்தனுப்பியிருந்த இரண்டு லயன் புத்தகங்கள். பெரியவர் கையைத் துணியில் துடைத்துவிட்டு வாங்கினார். வெளிநாட்டு டெக்ஸ் பதிப்புகளைச் சேர்க்கிறவர்கள் இங்கே நிறையப் பேர், தமிழில் வருகிறது என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. கையில் பிடிப்பது முதல் தடவை. புரட்டினார், அளந்தார், முதுகைத் தடவினார். அவர்களுக்கு மூன்று மாதம் 'தொடரும்' போட்டு வந்த கதையை நமக்கு ஒரே புத்தகமாகப் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும், "உங்களுக்குக் காத்திருக்கும் வேலையே இல்லையா?" என்றார். சந்தா கட்டிவிட்டுக் கூரியருக்காக என் அண்ணன் காத்திருக்கும் லட்சணத்தை எனக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலியனில் விளக்க முயன்றேன். பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்கிய காலம் போய் இப்போது தபாலில்தான் என்றேன். இங்கேயும் பத்திரிகைக் கடைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கின்றன என்று, எங்கெங்கே எது மூடியது என்ற கணக்கையே சொன்னார்.

அதற்குள் நான் போனை நீட்டியிருந்தேன். குதிரைக்காரரின் கட்டம். முழுப் படத்தைக்கூட அவர் பார்க்கவில்லை, குதிரையின் பின்னங்காலைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "டிச்சி" என்றார். ஜொவான்னி டிச்சி. "சியேனாக்காரர்" என்று சேர்த்தார். நான் நின்ற இடத்திலிருந்து சியேனா அப்படியொன்றும் தூரமில்லை. வருடத்துக்கு இரண்டு முறை நடுச்சதுக்கத்தில் குதிரைப் பந்தயம் விடும் ஊர். அந்த ஊர்க்காரர் குதிரை வரைந்தால் அப்படித்தான் வரைவார் என்பது பெரியவரின் வாதம். எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை.

இருட்டுக்காரர் ஹோசே ஓர்த்திஸ். இத்தாலியரே இல்லை, ஸ்பெயின்காரர். 2013ல் காலமாகிவிட்டார். அதைச் சொல்லும்போது பக்கத்து மேசைக்காரரும் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

புள்ளிக்காரருக்கு அவர் பதில் சொல்லவில்லை. என் கையைப் பிடிக்காத குறையாக இரண்டு மேசை தள்ளி, மூலப் பக்கங்கள் விற்பவரிடம் கூட்டிப்போனார். ஃபாபியோ சிவித்தெல்லி, அவரும் இந்த டஸ்கனி மாநிலத்துக்காரர்தான். கண்ணாடி உறைக்குள் அவர் கையால் வரைந்த ஒரு பக்கம். அச்சில் வருவதைவிட நன்றாகப் பெரியது. ராத்திரி, தீ மூட்டம், கழுகாரும் வெள்ளிமுடியாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். தீயிலிருந்து விலக விலக வானம் இருளாகிறது. அவ்வளவு வானமும் பேனா முனையால் தனித்தனியாக வைத்த புள்ளி. தீக்குப் பக்கத்தில் தூசி அளவு, இடைவெளிவிட்டு. மேலே போகப் போகப் பருத்து, நெருங்கி, கடைசியில் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்பாகிறது. ஓரிடத்தில் மை இழுபட்டு, அதன்மேல் வெள்ளை பூசி, வெள்ளை காய்ந்தபின் அதற்கு மேல் மறுபடி புள்ளி வைத்திருந்தார். வசன பலூன்கள் காலி. எங்கள் பெட்டியில் இருந்த மட்டக் காகித அச்சில் இதெல்லாம் ஒரே சாம்பல் கறையாகத்தான் வந்திருக்கும். அந்தக் கறையிலிருந்தே 'இது புள்ளி' என்று பத்து வயதில் கண்டுபிடித்த அண்ணன்மேல் எனக்கு அன்றைக்கு வந்த மதிப்பை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் பிடிக்க முடியாது. பக்கத்தின் விலை என் பல மாத வாடகை. போட்டோ எடுக்கலாமா என்று கேட்டேன், எடுக்கலாம் ஃபிளாஷ் வேண்டாம் என்றார்.

மதியம் நின்றபடியே கடலை மாவில் சுட்ட சேச்சினா இரண்டு துண்டு. சைவக்காரர்களுக்கு லுக்காவில் பயமில்லை. தங்க மட்டும் நினைக்காதீர்கள். விழா வாரத்தில் ஒரு விடுதியில் ஒற்றை அறைக்குச் சொன்ன வாடகையில் நான் சாத்தூர் போய்வந்துவிடலாம்.

மூக்குக்காரர்தான் சிக்கலாகிவிட்டார். அண்ணன் அனுப்பியது முன்பக்கங்கள் கிழிந்துபோன ஒரு பழைய இதழிலிருந்து எடுத்தது. பெரியவர் பார்த்த உடனே முகம் கலெப்பீனி என்றார். அது எனக்கே தெரிந்திருக்க வேண்டும் என்கிற தொனியில். ஆனால் உடம்பு அவருடையது இல்லையாம். அறுபதுகளில் வேறு ஓவியர்கள் வரைந்த பக்கங்களில் கழுகாரின் முகத்தை மட்டும் கலெப்பீனி திருத்தி வரைந்து கொடுப்பது உண்டாம், நாயகன் ஆளாளுக்கு மாறித் தெரியக்கூடாது என்பதற்காக. அப்படியானால் நாங்கள் ஒரே ஆள் என்று நம்பி இத்தனை வருடம் கிண்டல் செய்தவர் இரண்டு பேர். உடம்புக்குச் சொந்தக்காரர் விர்ஜிலியோ முட்சி என்றார் பெரியவர். இல்லவே இல்லை, ஃபிரான்செஸ்கோ கம்பா, துப்பாக்கி பிடித்திருக்கும் கையைப் பார் என்றார் பக்கத்து மேசைக்காரர். மூன்றாவது ஒருவர் வந்து இரண்டுமே தப்பு என்றார். கொஞ்ச நேரத்தில் நான் அங்கே இருப்பதையே மறந்துவிட்டார்கள். என் போன் கைமாறிக் கைமாறிப் போய்க்கொண்டிருந்தது. கடைசி ரயில்களில் நெரிசல் தாங்காது என்று அதை மீட்டுக்கொண்டு வர வேண்டியதாயிற்று.

இரண்டு தமிழ் டெக்ஸில் ஒன்றைப் பெரியவரிடம் கொடுத்தேன். பதிலுக்கு டிச்சி வரைந்த இரண்டு இதழ்களை உறையோடு கொடுத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார்.

ராத்திரி அண்ணனைக் கூப்பிட்டுப் பெயர்களைச் சொன்னேன். டிச்சி என்ற பெயரை இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான். ஓர்த்திஸ் இறந்தது அவனுக்கு வருத்தம். மூக்குக்காரர் விவகாரத்தைக் கேட்டதும், "அந்தப் புக்குல இன்னும் இருவது பக்கம் நல்லாத்தான் இருக்கு, எல்லாத்தையும் போட்டோ எடுத்து அனுப்புறேன். அந்தக் கம்பான்னு சொன்னவர் நம்பரும் வாங்கிருக்கியா?" என்றான். வாங்கியிருக்கிறேன். இருபது பக்கமும் போய்ச் சேர்ந்துவிட்டது. கார்சனின் தாடி நன்றாகத் தெரிகிற ஒரு கட்டம் கிடைத்தால் தீர்ப்புச் சொல்லிவிடலாம் என்று பெரியவர் எழுதியிருக்கிறார். இருக்கும் பக்கங்களில் வெள்ளிமுடியார் முதுகைக் காட்டிக்கொண்டே நிற்கிறார். இந்தக் கதையின் முழுப் பிரதி, கிழியாமல், யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். கதையில் ஒரு பாலம் வெடிக்கும், கழுகார் ஆற்றில் விழுவார். தலைப்பு எங்கள் பிரதியில் இல்லை.